ராக் பாஸ்பேட்டை மண்ணில் இறைக்காதீர்கள், குப்பையில் வேக வையுங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாலு வருஷத்துக்கு முன்னால் பாலக்கோடு பக்கம் எங்கள் மேட்டுக் கொல்லையில் ஏக்கருக்கு நாலு மூட்டை ராக் பாஸ்பேட் இறைத்து ராகி விதைத்தோம். "மெதுவாகக் கரையும், மூணு வருஷத்துக்குச் சத்து நிற்கும்" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள், நாங்களும் நம்பினோம். முளைத்து இருபது நாளில் அடி இலையெல்லாம் ஊதா ஓடி, தூர் கட்டாமல் பயிர் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வருஷம் அதே கொல்லையை உழும்போது கொழு புரட்டிப் போட்ட மண்ணில் சாம்பல் நிறக் கோடுகளாக அந்தப் பவுடர் கிடந்தது. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், மூட்டையைப் பிரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அதே நறநறப்பு. மண்ணைச் சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது: கார அமில நிலை (pH) 7.9, அதாவது நடுநிலையான 7ஐத் தாண்டிக் காரப் பக்கம்.

இதை எழுதுவதற்குக் காரணம், நம் இரண்டு மாவட்டத்திலும் இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர் அதே தவறைச் செய்கிறார்கள், காசும் போகிறது, ஒரு போகமும் போகிறது. ராக் பாஸ்பேட் மோசமான பொருள் கிடையாது. அதை எங்கே, எப்படிப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் இந்தக் கல் என்ன என்று பார்த்துவிடலாம்

ராக் பாஸ்பேட் என்பது பாறையை அரைத்த மாவு. அதில் இருக்கும் கனிமத்துக்கு அப்படைட் என்று பெயர். சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஃப்ளூரினும் இறுகக் கட்டிப்போட்ட ஒரு கட்டமைப்பு. தண்ணீரில் கரையாது. கரைய வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: அமிலம் அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தை வேறு யாராவது தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலும் கேரளத்து ரப்பர் தோட்டத்திலும் இதை நேரடியாகப் போட்டுப் பலன் எடுக்கிறார்களே என்றால், அங்கே மண் புளிப்பு மண், நல்ல மழை, சுண்ணாம்பு கம்மி. நம் ஊரில் பெரும்பாலான செம்மண்ணும் கரிசல் திட்டுகளும் நடுநிலையிலோ அதற்கு மேலேயோ இருக்கின்றன, பல இடத்தில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக் கட்டி வரும். அந்த மண்ணில் கல்லைப் போட்டால் கல்லாகவே இருக்கும். மண்ணின் கார அமில நிலை 5.5க்குக் கீழே என்றால் நேரடியாகப் போடலாம், 6.5ஐத் தாண்டினால் நேரடியாகப் போடுவது வீண் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் வெட்டியெடுக்கும் ராக் பாஸ்பேட்டில் பெரும்பங்கு ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவிலிருந்து வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, மேற்கு வங்கத்தில் புருலியா, முன்பு டேராடூன் பக்கம் மசூரி மலை என்று வேறு சில இடங்களும் உண்டு. துனிசியாவின் காஃப்சா கல் மாதிரி சுலபமாக இளகும் ரகம் ஒன்றும் இங்கே இல்லை, நம்முடையவை எல்லாம் பிடிவாதமான கற்கள்.

"ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டியிலும் அப்படைட் இருக்கிறதாமே, அதையே அரைத்துப் போடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒகேனக்கல்லிலும், ஊத்தங்கரை வட்டத்துச் சாமல்பட்டியிலும், திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரிலும் கார்பனடைட் என்ற பாறைக்குள் அப்படைட் கலந்து கிடப்பது உண்மைதான். ஆனால் அது பூமிக்குள் உருகிய குழம்பிலிருந்து உறைந்த படிகம், கடலடியில் படிந்து உருவான பாஸ்பேட்டைவிட இன்னும் கெட்டி. போதாததற்குச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை வேறு. மலையில் கல் பொறுக்கி அரைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். திருச்சி, பெரம்பலூர் எல்லையில் ஊட்டத்தூர், காரை பக்கம் களிமண்ணுக்குள் கிடைக்கும் பாஸ்பேட் முண்டுகள் கடலில் உருவானவைதான், ஆனால் நம் கடைக்கு மூட்டையாக வருவது வடக்கத்திச் சரக்கு. அதை வைத்தே வேலை பார்ப்போம்.

மண் சோதனை: இதைத் தாண்டிப் போக வழியே இல்லை

கொல்லையில் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, மம்முட்டியால் அரையடி ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குழி வெட்டுங்கள். அந்தக் குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம் எல்லாம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து நாலு பங்காக்கி, எதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, திரும்பக் கலந்து, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்திப் பையில் போட்டு மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துக் கொடுங்கள். காவேரிப்பட்டணம் பக்கத்துக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கம்.

முடிவு வந்ததும் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று கார அமில நிலை. இன்னொன்று மணிச்சத்து, அது எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 நடுத்தரம், 22க்கு மேல் அதிகம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிக் கொல்லைகளில் வருஷா வருஷம் டிஏபி என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்டியிருந்தால், மணிச்சத்து ஏற்கெனவே குவிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். அப்படி 22ஐத் தாண்டியிருந்தால் உங்களுக்கு ராக் பாஸ்பேட்டே வேண்டாம், குப்பையும் பாஸ்போபாக்டீரியாவும் (மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் உரம்) போட்டு இருப்பதை வெளியே எடுங்கள், இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. சுண்ணாம்பு மண்ணில் சூப்பர் பாஸ்பேட்டும் டிஏபியும்கூடப் போட்ட சில மாதத்தில் சுண்ணாம்போடு கைகோத்து மறுபடி கல் மாதிரிதான் ஆகின்றன. அந்தப் பழைய சேமிப்பு பல கொல்லைகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

மூட்டை வாங்கும்போது

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ராக் பாஸ்பேட்டில் மொத்த மணிச்சத்து குறைந்தது 18 சதவீதம் இருக்க வேண்டும், 90 சதவீதத் தூள் 0.15 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். "மொத்த" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் 16 சதவீதம் என்று போட்டிருப்பது பயிருக்குக் கிடைக்கும் சத்து, அதில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரையும். ராக் பாஸ்பேட்டின் 18 என்பது கல்லுக்குள் பூட்டிக்கிடப்பதையும் சேர்த்துச் சொல்வது, அதில் தண்ணீரில் கரைவது கிட்டத்தட்டப் பூஜ்யம். எண் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

தூள் எவ்வளவு மென்மையோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அமிலம் படுவது வெளிப்பரப்பில்தான். ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் திருநீறு மாதிரி வழுக்க வேண்டும், மணல் மாதிரி உறுத்தினால் வேண்டாம். இன்னொரு சோதனை, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். நல்ல தூள் கலங்கலாக நின்று மெதுவாக இறங்கும், கரடான சரக்கு ஒரே நொடியில் அடியில் போய் உட்காரும். அப்புறம், கொஞ்சம் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள். லேசாக நுரை வருவது சகஜம். புஸ்ஸென்று பொங்கினால் சுண்ணாம்புக் கல் கலப்பு அதிகம் என்று அர்த்தம், நீங்கள் உண்டாக்கப் போகும் அமிலத்தை எல்லாம் அந்தச் சுண்ணாம்பே முதலில் குடித்துவிடும், அப்படைட்டுக்கு மிச்சம் இருக்காது.

பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள், முகக்கவசம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. இதை ஓங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பேட்டரி ஆசிட்டை ஊற்றினால் வீட்டிலேயே சூப்பர் பாஸ்பேட் செய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ எனக்கே வந்தது. கந்தக அமிலத்தோடு பாறையைக் கலப்பதுதான் சூப்பர் பாஸ்பேட்டின் அடிப்படை, உண்மை. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார், இந்தியாவில் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் நம் ராணிப்பேட்டையில்தான் வந்தது. ஆனால் அமிலம் பட்டதும் கல்லில் இருக்கும் ஃப்ளூரின் விஷ வாயுவாகக் கிளம்பும். ஆலையில் அதைப் பிடித்துக் கழுவ ஏற்பாடு உண்டு, நம் களத்தில் பிடிக்க நம் நுரையீரல்தான் இருக்கிறது. இந்த வேலையை நமக்காகச் செய்ய குப்பைமேட்டில் கோடிக்கணக்கான உயிர்கள் காத்திருக்கின்றன, அவற்றிடம் கொடுப்போம்.

ஃப்ளூரின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராக் பாஸ்பேட் 100 கிலோவில் இரண்டிலிருந்து நாலு கிலோ வரை ஃப்ளூரின் இருக்கும். ஏற்கெனவே நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகமாகி, பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு வலியுமாகத் தலைமுறைகள் பட்ட பாடு போதும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆகவே மூட்டையைக் கிணற்று மேட்டிலோ போர் பக்கத்திலோ அடுக்காதீர்கள், குப்பைமேட்டையும் கிணற்றிலிருந்து தள்ளி, மழைத்தண்ணீர் ஓடாத மேட்டில் போடுங்கள். தாது உப்புதானே என்று இந்தத் தூளை மாட்டுத் தீவனத்தில் கலக்கவே கூடாது, மாட்டுக்கும் அதே பல் நோய், எலும்பு நோய் வரும்.

குப்பையில் வேக வைப்பது: வேலையின் நடுப்பகுதி

குப்பை மக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பச்சைக் குப்பை அழுக ஆரம்பிக்கும் முதல் சில நாளில் நுண்ணுயிர்கள் கரிம அமிலங்களை விடும், குப்பை புளிக்கும். அப்புறம் அமோனியா கிளம்பி, கார நிலை பக்கம் ஏறும். அந்தப் புளிப்பு நாட்களில் கல் உள்ளே இருக்க வேண்டும். மக்கி முடிந்த எருவில் கடைசியில் ராக் பாஸ்பேட்டைத் தூவிக் கலந்து "செறிவூட்டியாகிவிட்டது" என்று சொல்வதில் பலன் சொற்பம், அடுப்பை அணைத்த பிறகு பருப்பைப் போட்ட கதை அது.

தவிர, சிட்ரிக், ஆக்சாலிக் மாதிரி அமிலங்கள் கல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கவ்விக்கொள்வதால், மணிச்சத்து விடுபடுகிறது. விடுபட்டதில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. அவை மண்ணுக்குப் போய்ச் செத்து மக்கும்போது அந்தச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக வேருக்குக் கிடைக்கும், மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு உடனே பிடுங்கிக்கொள்ள முடியாது. நம் மாதிரி மண்ணுக்கு இதுதான் பெரிய லாபம்.

ஒரு மேட்டுக்கு வேண்டியவை, நான் போடும் கணக்கில்:

காய்ந்த செடி, தழைக் குப்பை 800 கிலோ
புதுச் சாணம் 500 கிலோ, அதாவது மூன்று மாட்டின் பன்னிரண்டு பதிமூன்று நாள் சாணம்
பழைய மக்கிய எரு 50 கிலோ, கொல்லையின் மேல் மண் 50 கிலோ
ராக் பாஸ்பேட் 125 கிலோ
யூரியா 10 கிலோ (தழையில் பாதிக்கு மேல் பச்சையாக இருந்தால் தேவையில்லை)

ராகித் தாளும் கடலைக்கொடியும் மாட்டுக்கு வேண்டும், அதை யாரும் குப்பையில் போட மாட்டோம். கரும்புத் தோகை, மாஞ்சருகு, மல்பெரிக் குச்சி, உண்ணிச்செடி, பூ எடுக்காத பார்த்தீனியம், கிளிரிசிடியா, புங்கந்தழை எல்லாம் போதும். நீளமானதை அரையடித் துண்டாக வெட்டிவிடுங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் படுக்கைக் கழிவைச் சேர்க்கலாம், தழைச்சத்து நிறைய. ஆனால் புழு தோலுரிக்கும் சமயத்தில் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தால் அந்தக் கழிவை வேறு மேட்டுக்குத் தள்ளுங்கள். அடுப்புச் சாம்பலும் இதற்குள் வரவே கூடாது. நம் வீட்டில் காலங்காலமாகச் சாம்பலைக் குப்பைமேட்டில்தான் கொட்டுவார்கள், எங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க ஒரு மாதம் ஆனது. சாம்பல் காரம், அமிலத்தை அடித்துவிடும். அதைத் தென்னைக்குத் தனியாகப் போடுங்கள்.

விலை விழுந்து ரோட்டோரம் கொட்டும் தக்காளி, மாங்கூழ் ஆலையிலிருந்து வரும் தோல் கழிவு இரண்டும் கிடைத்தால் அள்ளி வந்து சேருங்கள். ஆனால் "தக்காளிப் புளிப்பே கல்லைக் கரைத்துவிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நூறு கிலோ தக்காளியில் சிட்ரிக் அமிலம் சுமார் அரைக் கிலோதான். ஆலையில் ஒரு கிலோ பாறைக்கே அரைக் கிலோவுக்கு மேல் கந்தக அமிலம் செலவாகிறது. தக்காளியின் வேலை வேறு: அதன் சர்க்கரையும் ஈரமும் நுண்ணுயிருக்குத் தீனி, அவை தின்றுகொண்டே புது அமிலத்தைச் சுரந்துகொண்டிருக்கும். வாடல் நோய் வந்த செடியை மட்டும் மேட்டின் ஓரத்தில் விடாமல் சூடு ஏறும் நடுப்பகுதியில் வையுங்கள்.

மேட்டுக்குப் புளியமர நிழல் மாதிரி ஒரு இடம் பாருங்கள். 15 அடி நீளம், 6 அடி அகலம். அடியில் சோளத்தட்டை, மல்பெரிக் குச்சி என்று கெட்டியானதைப் பரப்பினால் காற்று போகும். அதன் மேல் நூறு கிலோ தழை, அரையடிக் கனம். இப்போதுதான் முக்கியமான கட்டம். ராக் பாஸ்பேட்டைத் தூளாக மேலே தூவினால், தண்ணீர் தெளித்ததும் இலை இடுக்கில் வழிந்து அடியில் போய் ஒரே அடையாகப் படிந்துவிடும். அதற்குப் பதில், பாதியாக வெட்டிய டிரம்மில் 60 கிலோ சாணத்தைத் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, அதில் 15, 16 கிலோ தூளையும் ஒரு பாண்டு எரு மண் கலவையையும் போட்டுக் கட்டையால் நன்றாகக் கிண்டி, அன்னக்கூடையால் மொண்டு தழையின் மேல் வீசுங்கள். ஒரு இலையை எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பூசினாற்போல் இருக்க வேண்டும். கல்லும் அழுகும் இலையும் ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் அமிலம் பிறந்த இடத்திலேயே கல்லைத் தொடும். யூரியா போடுவதாக இருந்தால் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. அதற்கு மேல் போனால் அமோனியா நாற்றமடிக்கும், காரமும் ஏறும். இப்படி எட்டு அடுக்கு, நாலு நாலரை அடி உயரம். மேலே தென்னோலை மூடி, பக்கத்தைச் சாணமும் மண்ணும் கலந்து லேசாக மெழுகுங்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டுச் சொட்டாக வழியக் கூடாது. மொத்த மேட்டுக்கு, சாணத்தின் ஈரம் போக, ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். கோடையில் வாரம் ஒரு தடவை தெளிக்க வேண்டிவரும்.

மூணாவது நாள் கடப்பாரையை நடுவில் சொருகி ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். கையைச் சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஈரம் போதவில்லை, இல்லை சாணம் போதவில்லை. ஈரம் அதிகமாகி மூச்சு அடைத்தால் அழுகல் நாற்றம் வரும், அப்போது உடனே கிளறிவிடுங்கள். பதினைந்தாவது நாள், முப்பதாவது நாள், அறுபதாவது நாள் என்று மூன்று தடவை புரட்ட வேண்டும், வெளியில் இருப்பது உள்ளே போகிற மாதிரி. ஆள் கூலி கொடுத்துச் செய்தால் இதுதான் செலவு பிடிக்கும் வேலை, ஆனால் இதை விட்டால் மேட்டின் ஓரம் சருகாகவே நிற்கும்.

பாஸ்போபாக்டீரியாவை முதல் நாளே கலக்காதீர்கள். உள்ளே 55, 60 டிகிரி போகும்போது செத்துவிடும். முப்பதாவது நாள் புரட்டும்போது சூடு தணிந்திருந்தால், நாலு பாக்கெட்டை ஒரு கிலோ வெல்லம் கரைத்த பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள், சூடு இருந்தால் அடுத்த புரட்டலுக்குத் தள்ளுங்கள். இது வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் கிடைக்கும். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்ததை வாங்காதீர்கள்.

கந்தகத் தூளும் சேர்க்கலாம், ஐந்து பங்கு கல்லுக்கு ஒரு பங்கு என்று 25 கிலோ. தயோபேசில்லஸ் என்ற பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக்கும், நுண்ணிய அளவில், கல்லின் மேலேயே. கடலை போடுகிறவர்களுக்குக் கந்தகச் சத்தும் சேர்ந்து கிடைக்கும். செலவு கூடும், அதனால் எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். சேர்ப்பதென்றால் மேட்டுக்குள்ளேயே சேருங்கள், சுண்ணாம்புக் கொல்லையில் நேரடியாகத் தூவினால் அந்த அமிலம் சுண்ணாம்புக்கே சரியாகப் போகும்.

மூன்றரை, நாலு மாதத்தில் எரு கறுத்து, மண் வாசனையோடு, பிடித்தால் உதிர்கிற மாதிரி வரும். ஆடிப் பட்டத்துக்கு வேண்டுமென்றால் மாசிக் கடைசியில் மேடு போட்டுவிட வேண்டும். மாங்கூழ்க் கழிவை நம்பிப் போடுகிற மேடு வைகாசி, ஆனியில் ஆரம்பித்துப் புரட்டாசி, ஐப்பசிக்குத்தான் வரும், அது கொள்ளுக்கும் காய்கறிக்கும் சரி.

எவ்வளவு போடுவது

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 125 கிலோ கல்லில் 18 சதவீதம் என்றால் 22.5 கிலோ மணிச்சத்து. இறவை ராகிக்கு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 60:30:30 கிலோ என்பது பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு மணிச்சத்து 12 கிலோ. பார்த்தால் ஒரு மேடு இரண்டு ஏக்கருக்குப் போதும் போலத் தெரியும், ஆனால் மேட்டில் கரைந்தது ஒரு பங்குதான், மீதி இன்னும் கல்லாகவே இருக்கிறது. அதனால் ஒரு மேட்டின் எருவை, ஈரத்தோடு சுமார் ஒரு டன் வரும், ஒரு ஏக்கருக்கே போடுங்கள். முதல் வருஷம் சூப்பர் பாஸ்பேட்டை முழுசாக நிறுத்தவும் வேண்டாம். 12 கிலோவுக்கு 75 கிலோ சூப்பர் வேண்டும், அதில் பாதி, 37 கிலோ போட்டு மீதியை எருவிடம் விடுங்கள். ரசாயனமே வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறவர்கள் முதல் போகத்துக்கு ராகியை விட்டுக் கொள்ளோ துவரையோ போடுவது நல்லது, காரணம் கீழே சொல்கிறேன்.

எருவைக் கடைசி உழவுக்கு முன் பரப்பி, அன்றைக்கே மூடி உழுதுவிடுங்கள். வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் போய்விடும், பாடுபட்டதெல்லாம் வீண். காய்கறிக்குப் பார் ஓரத்தில் வேர் படும் இடத்தில் வையுங்கள்.

மண் புளிப்பாக இருந்தால்

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் சில செம்மண் கொல்லைகளில் கார அமில நிலை 6க்குக் கீழே வரலாம். உங்களுக்கு 5.5க்குக் கீழே என்று வந்தால் வேலை சுலபம். ஏக்கருக்கு 100 கிலோ ராக் பாஸ்பேட்டை விதைப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே, முதல் மழை ஈரத்தில் பரப்பி, மண்ணோடு நன்றாகக் கலந்து உழுங்கள். சூப்பர் பாஸ்பேட்டைச் சாலில் வரிசையாக வைப்பது சரி, ராக் பாஸ்பேட்டுக்கு அதற்கு நேர் எதிர், எவ்வளவு மண்ணோடு கலக்கிறதோ அவ்வளவு கரையும். அந்தச் சமயத்தில் சுண்ணாம்பு போடாதீர்கள், இரண்டும் சேராது.

5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருப்பவர்களும், 7ஐத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்களும் பயறு வகை மூலமாகப் போகலாம். காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும் பயிர்கள் வேரைச் சுற்றி அமிலத்தை விடுகின்றன, சுண்ணாம்புச் சத்தையும் நிறைய இழுக்கின்றன, கல் இளக இரண்டுமே வேண்டியவை. சணப்பையோ கொள்ளோ விதைக்கும்போது அடியில் 50 கிலோ தூள் போட்டு, பூக்கும் சமயம் மடக்கி உழுதால் கரைந்த சத்து தழைக்குள் ஏறி அடுத்து வரும் ராகிக்கு உரமாகும். 7.5ஐத் தாண்டிய மண்ணில் இதையும் நம்ப வேண்டாம், குப்பைமேடு ஒன்றுதான் வழி.

ஒரு பட்டை விட்டுப் பாருங்கள்

முதல் போகத்தில் கொல்லை முழுக்க ஒரே மாதிரி செய்யாமல், பத்து சால் அகலத்துக்கு மூன்று பட்டை விடுங்கள். ஒன்றில் வெறும் தொழு உரம், இன்னொன்றில் தொழு உரமும் முழு சூப்பரும், மூன்றாவதில் இந்த எருவும் பாதிச் சூப்பரும். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் மூன்றுக்கும் ஒரே அளவு. இருபத்தைந்தாவது நாள் ஒவ்வொரு பட்டையிலும் இருபது செடியில் தூர் எண்ணி நோட்டில் எழுதுங்கள், ஊதா இலை எத்தனை என்பதையும். அறுவடையில் பட்டை பட்டையாகத் தனித்தனியாக அடித்துப் படியால் அளந்து வையுங்கள்.

எங்கள் கொல்லையில் முதல் வருஷம் மூன்றாவது பட்டை, முழு சூப்பர் போட்ட பட்டைக்குக் கொஞ்சம் பின்னால்தான் இருந்தது. அதே பட்டையில் எதுவும் புதிதாகப் போடாமல் பின்னால் விதைத்த கொள்ளில் அது முன்னால் வந்தது. கொள்ளு பிடுங்கியபோது வேரில் இருந்த முடிச்சுகளைப் பிய்த்துப் பார்த்தோம், உள்ளே ரத்தச் சிவப்பு, முடிச்சு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தப் பட்டைகளின் முளைக்குச்சிகளை நாங்கள் இன்னும் பிடுங்கவில்லை, இந்த ஆடியில் அதே இடத்தில் மறுபடி ராகி, மூன்றாவது பட்டைக்கு இந்தத் தடவை சூப்பர் இல்லாமல்.